ஜப்பான் பசங்களுக்கு செல்ஃப் எஸ்டீம் கம்மின்னு சொல்லிடலாமா?

கேள்வி இதுதான். செல்ஃப் எஸ்டீமை, அதாவது ஒருத்தர் தன்னையே எவ்வளவு மதிக்கிறாருங்கிறதை அளக்கிற ரோசன்பெர்க் ஸ்கேல்ல ஜப்பான் காலேஜ் பசங்க உலகத்துலயே கடைசி, அமெரிக்க பசங்க ரொம்ப மேலன்னு ஒரு பேப்பர்ல படிச்சிருக்கீங்க. அதே மாதிரி உங்க எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கும் ரெண்டு நாட்டு ஸ்டூடண்ட்ஸ் டேட்டாவை வச்சு சராசரி எடுத்து, அந்த வித்தியாசம் தற்செயலா இல்லையான்னு பாக்கிற டி-டெஸ்ட் போட்டுடலாம்னு பிளான். கைடு "இன்வேரியன்ஸ் பாக்காம மீன் கம்பேர் பண்ணாத"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு, அதாவது ஸ்கேல் ரெண்டு நாட்டுலயும் ஒரே மாதிரி அளக்குதான்னு பாக்காம சராசரியை ஒப்பிடாதன்னு. அவர் சும்மா இழுத்தடிக்கிறாரா, நிஜமாவே விஷயம் இருக்கான்னு கேக்குறீங்க.

விஷயம் இருக்கு, அவர் சொல்றது சரி. ஒரு நாட்டுக்குள்ள செல்ஃப் எஸ்டீமுக்கும் வேற ஏதோ ஒண்ணுக்கும் என்ன தொடர்புன்னு பாத்துட்டு அந்தத் தொடர்பை இன்னொரு நாட்டுத் தொடர்போட ஒப்பிடறது ஓரளவு பிழைச்சுக்கும். ஆனா நேரா சராசரியை பக்கத்துல பக்கத்துல வச்சு இவங்க மேல, அவங்க கீழன்னு சொல்றதுதான் இந்தத் துறையிலயே ரொம்ப ஆபத்தான வேலை, அதைத்தான் எல்லாரும் முதல்ல பண்றாங்க.

மோரிஸ் ரோசன்பெர்க் இந்த ஸ்கேலை 1965-ல வெளியிட்டாரு. நியூயார்க் மாநிலத்துல 10 ஹைஸ்கூல்ல படிச்ச 5,024 பிள்ளைங்களை வச்சு உருவாக்கினது. பத்தே வரி, அஞ்சு நேர்மறை, அஞ்சு எதிர்மறை, ஒவ்வொண்ணுக்கும் "ரொம்ப ஒத்துக்கறேன்"ல இருந்து "ஒத்துக்கவே மாட்டேன்" வரைக்கும் நாலு ஆப்ஷன். எதிர்மறை வரிகளை திருப்பிப் போட்டு கூட்டினா 10-லேர்ந்து 40 வரைக்கும் மார்க் வரும். நீங்க படிச்சது டேவிட் ஷ்மிட்டும் யூரி அல்லிக்கும் 2005-ல போட்ட பேப்பரா தான் இருக்கணும். 53 நாடு, 28 மொழி, 16,998 பேர், பெரும்பாலும் காலேஜ் பசங்க. ஜப்பான் சராசரி 25.5 கிட்ட, அமெரிக்கா 32.2 கிட்ட. அதே பேப்பர்ல இன்னொரு விஷயமும் இருக்கு, அதை யாரும் எடுத்து சொல்றதில்ல: 53 நாட்டுல ஒண்ணு கூட நடுப்புள்ளியான 25-க்கு கீழ போகல. கடைசி இடத்துல இருக்கிற ஜப்பானும் நடுவுக்கு மேலதான்.

இப்ப அந்த 32-ஐயும் 25.5-ஐயும் கிட்ட போய் பாருங்க. ஒரு பையன் இருக்கான், அவன் பழக்கம் என்னன்னா எந்த ஃபார்ம் குடுத்தாலும் ஓரத்துல இருக்கிற "ரொம்ப" ஆப்ஷனை தொடமாட்டான், நடுவுல இருக்கிற ரெண்டுல ஒண்ணைத்தான் டிக் அடிப்பான். அவனுக்கு தன்னைப் பத்தி எவ்வளவு உயர்ந்த எண்ணம் இருந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் அதிகபட்சம் 3, அப்ப பத்து வரிக்கும் சேத்து 30-ஐ தாண்ட முடியாது. அமெரிக்க சராசரியே 32! அதாவது ஓரத்தை தொடாத ஊர்ல இருக்கிறதுலயே தன்னம்பிக்கை அதிகமான ஆளு கூட அமெரிக்காவுல ஒரு சராசரி ஆளுக்கு கீழ நிப்பான். அவனோட மனசுக்கும் இந்த வித்தியாசத்துக்கும் சம்பந்தமே இல்ல, பேனா எங்க போய் நிக்குதுங்கிறது மட்டும்தான் கணக்கு.

இது கற்பனை இல்ல. 1995-ல சென், லீ, ஸ்டீவன்சன் மூணு பேரும் ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்கா நாலு இடத்துலயும் பதினோராம் கிளாஸ் பிள்ளைங்களை வச்சு பாத்தப்ப ஜப்பான், தைவான் பிள்ளைங்க நடு ஆப்ஷனை அதிகம் எடுத்தாங்க, அமெரிக்கப் பிள்ளைங்க ஓரத்தை அதிகம் எடுத்தாங்க. ஆனா நியாயமா இதையும் சொல்லணும், அவங்க டேட்டாவுல இந்தப் பழக்கத்தோட அளவு சின்னது, அதை கழிச்ச பிறகும் நாடுகளோட சராசரி வரிசை பெருசா மாறல. அதனால "எல்லாமே டிக் அடிக்கிற பழக்கம்தான்"னு சொல்லி தப்பிக்கவும் முடியாது. இன்னொரு பக்கம் ஹுய், ட்ரையாண்டிஸ் ரெண்டு பேரும் 1989-ல அமெரிக்க கடற்படையில புதுசா சேந்த பசங்ககிட்ட பாத்தாங்க, 5 பாயின்ட் ஸ்கேல் குடுத்தா லத்தீன் அமெரிக்க வம்சாவளி பசங்க ஓரத்துக்கு அதிகமா போறாங்க, அதையே 10 பாயின்ட் ஆக்கினா அந்த வித்தியாசம் காணாமப் போயிடுது. ஆப்ஷன் எத்தனைங்கிறது கூட "கலாச்சார வித்தியாசத்தை" உண்டாக்கவும் செய்யும், மறைக்கவும் செய்யும்.

அடுத்தது கேள்விகள். ரோசன்பெர்க்ல எட்டாவது வரி ரொம்ப நாளா தலைவலி. "என் மேல எனக்கே இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தா நல்லாருக்கும்"ங்கிற மாதிரி வரும். ரோசன்பெர்க் கணக்குல இதுக்கு ஆமான்னு சொன்னா மார்க் போச்சு, ஏன்னா மரியாதை பத்தலன்னு ஒத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம். ஆனா "இப்ப இருக்கிறதை விட நான் இன்னும் மேல வரணும்"னு நினைக்கிறதையே நல்ல பழக்கமா சொல்லிக் குடுத்து வளத்த ஒரு பிள்ளை இதைப் படிச்சா ஆமான்னுதானே சொல்லும்? பல நாடுகள்ல இந்த வரி மத்த ஒன்பதோட ஒட்டாம தனியா நிக்குது. பொதுவாவே எதிர்மறை வரிகளை எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி எடுத்துக்கறதில்லன்னு ஷ்மிட் பேப்பரே ஒத்துக்குது.

உங்க கைடு சொன்ன இன்வேரியன்ஸ் இங்கதான் வருது. மளிகைக் கடை தராசை நினைச்சுக்கோங்க, ரெண்டு கடை, ரெண்டு தராசு. ரெண்டும் ஒரே பொருளைத்தான் எடை போடுதா, அதாவது அந்த பத்து வரியும் ரெண்டு நாட்டுலயும் ஒரே காரணியில (பதில்களுக்குப் பின்னாடி இருக்கிற ஒரே குணத்துல) போய் உக்காருதாங்கிறது முதல் கட்டம், இதை கான்ஃபிகரல்னு சொல்வாங்க. அடுத்து ஒரு கிலோ கூட வச்சா ரெண்டு முள்ளும் ஒரே அளவு நகருதா, அதுதான் மெட்ரிக், கணக்குல லோடிங், அதாவது ஒவ்வொரு வரிக்கும் அந்தக் குணத்துக்கும் உள்ள தொடர்போட பலம், சமமா இருக்கணும். கடைசியா தட்டுல ஒண்ணுமே வைக்காதப்ப ரெண்டு முள்ளும் பூஜ்யத்துல நிக்குதா, அதுதான் ஸ்கேலார், அதாவது இன்டர்செப்ட் (ஒவ்வொரு வரிக்கும் பதில் ஆரம்பிக்கிற புள்ளி) சமமா இருக்கணும். ஒரு கடை தராசு சும்மாவே 200 கிராம் காட்டுதுன்னா, அந்தக் கடைக்குள்ள எந்த மூட்டை பெருசு, எந்த மூட்டை சின்னதுன்னு கண்டுபிடிக்கலாம், ஒரு பிரச்சனையும் இல்ல, ஆனா பக்கத்துக் கடை மூட்டையோட ஒப்பிட முடியாது. மெட்ரிக் வரைக்கும் தேறிட்டா தொடர்புகளை ஒப்பிடலாம், ஸ்கேலாரும் தேறினாத்தான் சராசரி. நடைமுறையில கான்ஃபிகரல் பெரும்பாலும் தேறும், மெட்ரிக் முக்கி முனகி தேறும், ஸ்கேலார்ல மடமடன்னு விழும், நாடுகள் எண்ணிக்கை கூடக்கூட இன்னும் மோசம்.

தேறுச்சா இல்லையான்னு எப்படி முடிவு பண்றதுன்னா, ஒவ்வொரு கட்டத்துலயும் கட்டுப்பாடு கூட்டும்போது சிஎஃப்ஐ (மாடல் டேட்டாவோட எவ்வளவு பொருந்துதுன்னு சொல்ற எண்) 0.01-க்கு மேல குறையுதான்னு பாக்கிறது வழக்கம், செயுங், ரென்ஸ்வோல்ட் 2002-ல சொன்ன அளவுகோல் அது. அதே பொருத்தத்தை சோதிக்கிற கை-ஸ்கொயரை மட்டும் நம்பாதீங்க, சாம்பிள் பெருசானா ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அலறும். ஒண்ணு ரெண்டு வரி மட்டும் அடம்பிடிச்சா அதை மட்டும் விடுவிச்சுட்டு மத்ததை வச்சு சராசரியை ஒப்பிடலாம், பார்ஷியல் இன்வேரியன்ஸ், 1989-லயே பைர்ன், ஷேவல்சன், முத்தேன் எழுதினது. நிறைய நாடு இருந்தா எல்லாம் கச்சிதமா சமமா இல்லாட்டியும் சராசரியை ஒப்பிட உதவுற, 2014-ல வந்த அலைன்மென்ட் முறை இருக்கு. உங்களுக்கு ரெண்டே நாடுங்கறதால அது தேவைப்படாது.

ஒரு விஷயம் எனக்கு பாத்தாலே எரிச்சல் வரும். "ரெண்டு நாட்டுலயும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.8-க்கு மேல, எனவே ஸ்கேல் பொருந்துகிறது"ன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த டேபிளுக்கு போயிடறது. ஆல்ஃபா அந்தந்த நாட்டுக்குள்ள வரிகள் ஒண்ணுக்கொண்ணு சேந்து போகுதான்னு மட்டும்தான் சொல்லும். 200 கிராம் தப்பா காட்டுற தராசும் தினமும் அதே 200 கிராம் தப்பைத்தான் காட்டும், ஆல்ஃபா அதுக்கு பாஸ் மார்க் போடும்.

சரி, ஸ்கேலாரும் தேறிடுச்சுன்னு வைங்க, அப்பவாவது நிம்மதியான்னா முழுசா இல்ல. பத்து வரியிலயும் ஒரே திசையில, ஒரே அளவுக்கு அடக்கமா பதில் சொல்லியிருந்தா இந்த டெஸ்ட்டால அதை பிடிக்கவே முடியாது. எல்லாம் சேந்து இறங்கினா மாடல் அதை நிஜமான சராசரி வித்தியாசம்னு எடுத்துக்கும். ஒரு வரி மட்டும் தனியா கோணலா இருந்தாத்தான் அது கண்ணுல படும்.

அதோட சேத்து ஸ்டீவன் ஹைனும் கூட்டாளிகளும் 2002-ல எழுதின ஒரு சிக்கல் இருக்கு. "நான் கடினமா உழைக்கிற ஆள்"னு ஒரு வரி வந்தா பதில் சொல்றவன் யாரோட ஒப்பிட்டு சொல்றான்? பக்கத்துல இருக்கிறவனோட. எல்லாருமே ராத்திரி பகலா படிக்கிற ஊர்ல இருக்கிறவன் தன்னை சோம்பேறின்னுதான் எழுதுவான். இதனாலதான் குணத்தை அஞ்சா பிரிச்சு அளக்கிற பிக் ஃபைவ் கேள்வித்தாள்ல பொறுப்புணர்ச்சின்னு வர்ற கான்ஷியன்ஷியஸ்னஸ் மார்க்ல ஜப்பான் அடியில போய் நிக்குது. ட்ரெயின் நிமிஷக் கணக்குல ஓடுற நாட்டுக்கா இந்த மார்க்குன்னு யாருக்கும் தோணும். ஹைன், பக்டெல், நொரென்சாயன் 2008-ல இதையே ஒரு வழியா சோதிச்சாங்க. பொது இடத்து கடிகாரம் எவ்வளவு சரியா ஓடுது, போஸ்ட் ஆபீஸ்ல எவ்வளவு வேகமா வேலை நடக்குது, ஜனங்க எவ்வளவு வேகமா நடக்கறாங்கன்னு நாடு வாரியா இருந்த அளவுகளோட கேள்வித்தாள் மார்க்கை ஒப்பிட்டா ஒத்துப்போகவே இல்ல. ஒரு நாட்டுக்காரங்க தங்களைப் பத்தி தாங்களே சொல்லிக்கிட்டதை விட அந்த ஊர் கடிகாரம் உருப்படியா பதில் சொல்லுச்சு.

இதை சரிபண்ண கேரி கிங் குழு 2004-ல ஆங்கரிங் விக்னெட்னு ஒரு வழி சொன்னாங்க. கேள்விக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒரு கற்பனை ஆளைப் பத்தி நாலு வரி கதை குடுத்து "இவரை எங்க வைப்பீங்க"ன்னு கேக்கணும், அந்தக் கதை எல்லா நாட்டுக்கும் ஒண்ணேதான், அதனால அதுக்கு வர்ற பதில்ல இருக்கிற வித்தியாசம் அளவுகோலோட வித்தியாசம். அவங்க காட்டின உதாரணம் ரொம்ப பிரபலம்: அரசாங்க முடிவுகள்ல உங்க பேச்சு எடுபடுமான்னு நேரா கேட்டா மெக்சிகோக்காரங்களை விட சீனர்கள் அதிகம் எடுபடும்னு சொன்னாங்க, விக்னெட்டை வச்சு திருத்தினதும் வரிசை தலைகீழா மாறிடுச்சு. கதை எழுதறது நோகுற வேலை, சர்வே நீளமாகும், பசங்க பாதியில ஓடிப்போவாங்க, அதனால காலேஜ் ப்ராஜெக்ட்ல யாரும் தொடறதில்ல.

மொழிக்கு வர்றேன், இதை நம்ம ஊர்ல யாரும் கண்டுக்கறதே இல்ல. ராஸ், ஷுன், வில்சன் 2002-ல கனடாவுல படிக்கிற சீனாவுல பிறந்த ஸ்டூடண்ட்ஸை ரெண்டா பிரிச்சு பாதிப் பேருக்கு இங்கிலீஷ்ல, பாதிப் பேருக்கு சைனீஸ்ல கேள்வித்தாள் குடுத்தாங்க. சைனீஸ்ல எழுதினவங்களுக்கு செல்ஃப் எஸ்டீம் மார்க் கம்மியா வந்துச்சு. ஒரே ஊர், ஒரே யூனிவர்சிட்டி, பிரிச்சது கூட குலுக்கல் முறையில! தமிழ்நாட்டு காலேஜ்ல நீங்க இங்கிலீஷ் ஃபார்ம் குடுத்துட்டு அதை ஜப்பானிய மொழியில எடுத்த டேட்டாவோட வச்சா, வர்ற வித்தியாசத்துல எவ்வளவு நாட்டால, எவ்வளவு மொழியாலன்னு பிரிக்க உங்ககிட்ட வழியே இல்ல.

இதெல்லாம் வெறும் ஆராய்ச்சிக்காரங்க சண்டைன்னு நினைச்சுடாதீங்க. டிப்ரஷன் ஸ்க்ரீனிங்குக்கு பயன்படுத்துற சிஇஎஸ்-டி ஸ்கேல் இருக்கு, ராட்லாஃப் 1977-ல போட்டது, 20 வரி, 0-லேர்ந்து 60 வரை, 16 வந்தா கவனிக்கணும்னு அர்த்தம். அதுல நாலு வரி நேர்மறை. "எதிர்காலத்து மேல நம்பிக்கை இருந்துச்சு", "சந்தோஷமா இருந்தேன்", "வாழ்க்கையை ரசிச்சேன்", "மத்தவங்களுக்கு நான் குறைஞ்சவன் இல்ல"ங்கிற மாதிரி, இதை திருப்பிப் போட்டு கூட்டுவாங்க. இவாடாவும் புக்காவும் 2002-ல ஜப்பான், அமெரிக்கா, அர்ஜென்டினா யூனிவர்சிட்டி பசங்களை ஒப்பிட்டாங்க, ஜப்பான் பசங்க இந்த நேர்மறை வரிகளுக்கு ஆமான்னு சொல்ல ரொம்பவே தயங்கினாங்க. கணக்கு போட்டு பாருங்க, தூக்கம் சரி, சாப்பாடு சரி, அழுகை இல்ல, மத்த 16 வரியிலயும் சுத்தமா பூஜ்யம், ஆனா இந்த நாலுக்கும் "அப்படியெல்லாம் அதிகம் இல்லைங்க"ன்னு அரிதா இல்லன்னா இல்லவே இல்லங்கிற ஆப்ஷனை போட்டுட்டா 12 மார்க். 16-க்கு இன்னும் நாலுதான் பாக்கி. பரீட்சை வாரத்துல மூணு நாலு நாள் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்கலன்னாலே போதும், பையன் லிஸ்ட்ல வந்துடுவான். வெளிநாட்டுல முடிவு பண்ணின கட்-ஆஃபை அப்படியே கொண்டுவந்து "நம்ம மாணவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு மன அழுத்தம்"னு பேப்பர்ல வர்ற செய்தியை இனிமே படிச்சா, எந்த ஸ்கேல், யார்கிட்ட சோதிச்ச கட்-ஆஃப்னு முதல்ல தேடுங்க.

சாம்பிள் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். "காலேஜ் பசங்க"ன்னா எல்லா நாட்டுலயும் ஒரே ஆளுங்க இல்ல. தென் கொரியாவுல ஸ்கூல் முடிச்சவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் காலேஜ் போறாங்க, ஆப்பிரிக்காவுல பல நாடுகள்ல பத்துல ஒருத்தர் போனாலே பெருசு. அங்க காலேஜ்ல இருக்கிறவன் ஊர்ல பொறுக்கி எடுத்த ஆளு, கொரியாவுல சராசரி ஆளு. வயசும் அப்படித்தான். ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ல 18-லேர்ந்து 25 வரைக்கும் "எமர்ஜிங் அடல்ட்ஹுட்"னு தனிப் பருவமா சொன்னாரு, அமெரிக்க பசங்க பலர் "பெரியவன் ஆயிட்டியா"ன்னா ஒரு பக்கம் ஆமா, ஒரு பக்கம் இல்லன்னு இழுப்பாங்க. நெல்சன், பேட்ஜர், வூ 2004-ல பெய்ஜிங் ஸ்டூடண்ட்ஸை கேட்டா பாதிக்கு மேல "ஆயிட்டேன்"னு நேராவே சொல்லிட்டாங்க, அவங்களுக்கு பெரியவன் ஆகறதுல அப்பா அம்மாவை பாத்துக்கறதும் ஒரு முக்கியமான அடையாளம். தனியா நிக்கிறதை அடையாளமா வச்சு எழுதின கேள்வித்தாளை அங்க குடுத்தா எதை அளக்கும்?

இதுக்கு நேர் எதிரா கீழ இருந்து ஸ்கேல் கட்டினவங்களும் இருக்காங்க. ஜிம்பாப்வேல 1997-ல விக்ரம் படேல் குழு, உள்ளூர் ஜனங்க தங்க கஷ்டத்தை எப்படி சொல்றாங்களோ அதை வச்சே 14 வரியில ஷோனா சிம்ப்டம் கொஸ்டினேர் செஞ்சாங்க. பின்னாடி ஹராரேல பாட்டிமாரை பெஞ்ச்சுல உக்கார வச்சு ஆலோசனை குடுக்க வைக்கிற ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச் திட்டத்துல ஆட்களை கண்டுபிடிக்க அதைத்தான் பயன்படுத்தினாங்க. அந்த ஊருக்கு அது கச்சிதம். ஆனா அதை வச்சு வேற நாட்டோட ஒப்பிட முடியாது, ஒப்பிடணும்னு செஞ்சதும் இல்ல. ரெண்டும் ஒரே கருவியில கிடைக்காதுன்னு ஒத்துக்கிட்டாலே பாதி குழப்பம் தீரும்.

அப்ப ஜப்பான் விஷயம் என்னதான் முடிவு? என் கணிப்பு, வித்தியாசத்துல ஒரு பங்கு நிஜம், ஒரு பங்கு கருவி செஞ்சது, 6.7 மார்க் முழுசும் மனசுல இருக்கிறதில்ல. நிஜம்னு சொல்றவங்க பக்கம் ஹைன் 1999-ல காட்டினது இருக்கு, ஜப்பான்காரங்க வட அமெரிக்க வாழ்க்கையில எவ்வளவு அதிகம் பழகியிருக்காங்களோ அவ்வளவுக்கு இந்த மார்க் ஏறிக்கிட்டே போகுது. இன்னொரு பக்கம் யாமகுச்சி குழு 2007-ல சீனா, ஜப்பான், அமெரிக்கா யூனிவர்சிட்டி பசங்களை, கேள்வியே கேக்காம, கம்ப்யூட்டர்ல எவ்வளவு வேகமா பட்டன் அழுத்தறாங்கங்கிறதை வச்சு மறைமுகமா அளந்தப்ப ஜப்பான் பசங்க ஒண்ணும் கம்மியா இல்ல. அந்த முறைக்கும் விமர்சனம் உண்டு, அதனால அதை கடைசி தீர்ப்பா எடுத்துக்காதீங்க. ஆனா ஷ்மிட் பேப்பர்லயே கிட்டத்தட்ட எல்லா நாட்டுலயும் செல்ஃப் எஸ்டீம் கூடின ஆளுக்கு எதுக்கெடுத்தாலும் கவலைப்படற குணம் கம்மியா இருந்துச்சு, அந்தத் தொடர்பு நாடு மாறினாலும் நின்னுச்சு, அதைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

உங்க ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். ஆய்வுக் கேள்வியை "யாருக்கு அதிகம்"ல இருந்து "எதோட சேந்து போகுது"க்கு மாத்திடுங்க, உதாரணத்துக்கு பெற்றோரோட உறவுக்கும் செல்ஃப் எஸ்டீமுக்கும் உள்ள தொடர்பு ரெண்டு நாட்டுலயும் ஒரே பலமா இருக்கான்னு, அதுக்கு மெட்ரிக் தேறினா போதும். இந்த மாடல்களை ஓட்டுற லவான் பேக்கேஜ் இலவசம், ஆர்ங்கிற புள்ளியியல் மென்பொருள் தெரிஞ்சா ரெண்டு வாரத்துல கத்துக்கலாம், நாலு ஆப்ஷன் டேட்டாவை ஆர்டர்டுன்னு, அதாவது வெறும் வரிசைதான்னு, சொல்லிக் குடுக்க மறக்காதீங்க. ஒரு குரூப்புக்கு 200 பேராவது வேணும், அதுக்கு கீழ போனா மாடல் அடம்பிடிக்கும். எதிர்மறை வரிகளுக்கு தனியா ஒரு மெத்தட் ஃபேக்டர் (கேள்வி கேட்ட விதத்தால வர்ற பாதிப்பை பிரிக்கிற காரணி) போட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, எட்டாவது வரியை எடுத்துட்டும் ஒரு தடவை. வெளிநாட்டு டேட்டாவை பேப்பர் எழுதினவங்ககிட்ட மெயில் போட்டு கேக்கும்போது டோட்டல் மார்க் கேக்காதீங்க, வரி வாரியா கேளுங்க, எந்த மொழியில எந்த வருஷம் எடுத்ததுன்னும் கேளுங்க. டோட்டல் மட்டும்தான் இருக்குன்னு பதில் வந்தா ரெண்டு நாடு ஒப்பீட்டையே விட்டுட்டு, உங்க காலேஜ்லயே பாதிப் பேருக்கு தமிழ், பாதிப் பேருக்கு இங்கிலீஷ்னு குலுக்கிப் போட்டு குடுத்து பாருங்க. அதுக்கு உங்க கைடு கண்டிப்பா கையெழுத்து போடுவாரு.